அவள் மேட்டுக்குக் கீழே குந்தியிருக்கவில்லை

ஷாஃப்ஹவுசன்
சுவிற்சர்லாந்து
மார்ச் 9, ஞாயிறு

கிருசிகாவின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் இருக்கிறோம். நீங்களும் அண்ணர் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதற்கு மேல் சுகம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. குறை நினைப்பதென்றால் நினையுங்கள்.

வட்ஸ்அப் இருக்கும்போது இவளுக்குக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். நான் எடுக்கும் நேரமெல்லாம் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுகிறீர்கள். உங்கள் அண்ணர், மச்சாள், வந்து போகிற சனம் என்று ஒரு சபையே சுற்றி இருந்து கேட்கிறது. வழக்கைப் பற்றி வாய் திறந்தால், "இண்டைக்கு என்ன சமையல்?" என்று கேட்கிறீர்கள். கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் என் சமையலில் உங்களுக்கு இவ்வளவு அக்கறை இருந்ததை நான் காணவில்லை. அதனால்தான் எழுதி சிவகலாவிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் தாயைப் பார்க்க இரண்டு கிழமை லீவில் ஊருக்கு வருகிறார். உங்கள் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் பிள்ளையின் நிலைமை. தோள்பட்டை எலும்பு பொருந்திவிட்டது. முழங்காலுக்குள் அறுந்த சவ்வுக்குச் சத்திரசிகிச்சை செய்தது நீங்கள் இங்கே நிற்கும்போதே நடந்தது. இப்போது இரண்டு ஊன்றுகோலோடு நாலாம் மாடிக்கு ஏறி இறங்குகிறாள். குளிக்க வார்க்கும்போது பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். பத்தொன்பது வயதுப் பிள்ளை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் கிழடுகளைத் தூக்கி இருத்தப் படித்துக்கொண்டிருந்தவளை இப்போது நான் தூக்கி இருத்துகிறேன். அந்தத் தொழிற்படிப்பும் ஒரு வருடம் பின்தள்ளிப்போகும் போல இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பனிமலை விபத்து விசாரணைக்குப் பிள்ளையைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் துணைக்குப் போனேன். அதிகாரி ஒரு பெண், பண்பாகத்தான் கதைத்தார். பிள்ளை நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவர் ஏதோ சொன்னார். டொச் பாஷையில் எனக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் தகப்பன் என்ற சொல் விளங்கியது, பிள்ளையின் முகம் வெளுத்ததும் விளங்கியது. வெளியே பஸ் தரிப்பிடத்து வாங்கில் இருந்துதான் கேட்டேன். "நான் மேட்டுக்குக் கீழை, நடுப்பாதையிலை குந்திக்கொண்டு இருந்தனாம். அப்பா தன்ரை கண்ணாலை கண்டவராம். அண்டைக்கே பொலிசுக்குச் சொன்னவராம்" என்றாள். அவள் அழவில்லை, நான்தான் அந்த இடத்தில் இருந்து அழுதேன்.

நீங்கள் எதைக் கண்டீர்கள்? வருடா வருடம் எங்கள் விளையாட்டுக் கழகம் பனிமலைக்கு பஸ் பிடிக்கும். பிள்ளைகள் மேலே சறுக்கப் போவார்கள். பெரியவர்கள் நாங்கள் கீழே வாகனத் தரிப்பிடத்தில் நின்று ரோல்ஸும் தேத்தண்ணீரும் கொடுத்துக் குளிரில் நடுங்குவோம். மலைக்குப் போய் மலையைப் பார்க்காமல் வருகிற சனம் நாங்களாகத்தான் இருப்போம். அன்றைக்கும் நீங்கள் என்னோடுதான் நின்றீர்கள். அங்கிருந்து பார்த்தால் ரிக்கெற் விற்கிற கட்டடத்தின் பின்சுவர் தெரியும், சறுக்குப் பாதையில் ஒரு முழம்கூடத் தெரியாது. ரோல்ஸில் உறைப்புக் கூடிவிட்டது என்று நீங்கள் எனக்குக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கழகத் தலைவர் தவச்செல்வன் அண்ணை கத்திக்கொண்டு ஓடி வந்தார். அவ்வளவும்தான் நீங்கள் கண்டது.

மேடு, குந்துவது என்ற கதையெல்லாம் உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று யோசித்துப் பார்த்தேன். பஸ்ஸில்தான். போகும் வழியில் பிள்ளை மைக்கைப் பிடித்துச் சின்னவர்களுக்குப் பாடம் எடுத்தாள். நீங்கள் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தீர்கள். "மேட்டுக்குக் கீழை குந்தாதேங்கோ, மேலை இருந்து வாறவைக்கு உங்களைத் தெரியாது. களைச்சால் கரைக்குப் போங்கோ. வெளிக்கிட முதல் மேலை ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ" என்றாள். அதுவரைக்கும் உங்கள் காதில் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகும் அவள் சொன்னாள். "எல்லாத்திலும் பெரிய சட்டம் இதுதான். மேலை இருந்து வாறவர்தான் கீழை போறவையைப் பாத்து, இடம் விட்டு வரவேணும். முன்னுக்குப் போறவருக்கு முதுகிலை கண் இல்லை" என்றாள். அதைக் கேட்க உங்களுக்குப் பொறுமை இல்லை. கேட்ட பாதியைக் கொண்டுபோய், சொல்லிக்கொடுத்தவளுக்கு எதிராகவே வைத்துவிட்டீர்கள்.

பலகையில் நின்று பனியில் சறுக்குகிற இந்த ஸ்னோபோட் பைத்தியத்தை நானும் விரும்பியவள் இல்லை. பாடசாலை பனி முகாமுக்கு விட மாட்டோம் என்று நாங்கள் இரண்டு பேரும்தான் ஒற்றைக்காலில் நின்றோம். பிறகு அவளாகவே போய்ப் பழகினாள். முதல் குளிர்காலம் முழுக்க மணிக்கட்டு வீங்கித்தான் வந்தாள். விழும்போது கையை விரித்து ஊன்றக் கூடாது, முஷ்டியை மூடி முன்னங்கையில் விழ வேண்டும் என்று பழகவே அவ்வளவு காலம் எடுத்தது. பிறகு குதியை அழுத்திப் பலகையின் பின் விளிம்பில் அங்கும் இங்குமாகச் சருகு போல இறங்கப் பழகினாள். விரல் பக்க விளிம்பில் நின்றால் பள்ளம் முதுகுக்குப் பின்னால் வரும், அந்தப் பயம் போக இன்னொரு குளிர்காலம். ஹோலில் போத்தலைப் படுக்கப் போட்டு அதன் மேல் பலகை வைத்து, முழங்காலை மடக்கி நின்று ஆடுவாள். கீழ் வீட்டுக் கிழவி தும்புத்தடியால் முகட்டில் இடிப்பா. "காலைப் பாத்தால் விழுவியள் அம்மா, போற இடத்தைப் பாருங்கோ" என்று நான் படி இறங்கும்போது எனக்கே வகுப்பு எடுப்பாள்.

அவளைப் பழக்கியவர் அவளிடம் ஒரு குறைதான் சொன்னாராம். முதுகுப் பக்கமாகத் திரும்பும்போது அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாது, திரும்ப முதல் தோளுக்கு மேலால் பார்க்க வேண்டும் என்று. அதைப் பழகிப் பழகி, கடையில் தள்ளுவண்டியைத் திருப்பும்போதும் தோளுக்கு மேலால் பார்ப்பாள். நான் சிரிப்பேன். இந்தப் பிள்ளை நடுப்பாதையில் குந்தியிருந்தாள் என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது?

நடந்தது இதுதான். சின்னவர்களை முன்னுக்கு விட்டு, அவர்கள் கரைக்குப் போய் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் கடைசியாக வந்தாள். மேட்டைத் தாண்டி வேகத்தைக் குறைத்தாள். தோளுக்கு மேலால் பார்த்தாள், ஒருவரும் இல்லை, திரும்பினாள். மேட்டுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஸ்கியில் ஒரு மனிதர் பறந்து வந்து அவளுடைய முதுகில் மோதினார். ஹெல்மெற் பின்பக்கத்தில்தான் வெடித்திருக்கிறது.

அந்த மனிதர் ஓடிவிடவில்லை. தன் ஜக்கெற்றைக் கழற்றி அவளுக்குப் போர்த்தி, மீட்புக்காரர் வரும் வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ரை பிழை, நான் வேகமாய் வந்திட்டன்" என்று தங்கள் பாஷையில் திரும்பத் திரும்பச் சொன்னாராம். கீழே வந்து பொலிசுக்கும் அதைத்தான் சொல்லத் தொடங்கினாராம். நான் அப்போது பிள்ளையின் தலைமாட்டில் நின்றேன். பக்கத்தில் நின்ற தவச்செல்வன் அண்ணை இப்போதுதான் எனக்குச் சொல்கிறார். அந்த மனிதர் சொல்லி முடிக்க முதலே நீங்கள் இடையில் புகுந்து, "இல்லை ஐயா, எங்கடை பிள்ளையிலைதான் பிழை" என்றீர்களாம். ஒரு வேற்று மனிதர் உண்மையைக் கொண்டுவந்து உங்கள் கையில் வைத்தார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தீர்கள். இப்போது அவருக்கு ஒரு சட்டத்தரணி இருக்கிறார், வேகமாக வந்த கதை இல்லை. அவரை நான் திட்ட மாட்டேன். தகப்பன் தராத நியாயத்தை அவர் எதற்குத் தர வேண்டும்? இதை விசாரணையில் வந்து சொல்லுங்கள் என்று தவச்செல்வன் அண்ணையைக் கேட்டேன். "குடும்ப விஷயம் தங்கச்சி, நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு முடியுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். அதுதான் என்னை இன்னும் எரிக்கிறது. யுத்த காலத்தில் ஓமந்தை ஆமிச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றபோது நாங்கள் பழகியது அது. சீருடையைக் கண்டால், அவன் கேட்க முதலே, எங்களில்தான் பிழை ஐயா என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் விடுவான். அங்கே அது எங்கள் உயிரைக் காப்பாற்றியது, நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே உங்கள் முன்னால் நின்றது கையில் பேனை வைத்திருந்த ஒரு இளம் பொலிஸ்காரன். அவன் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மற்றது, சுவிஸ் பிரஜாவுரிமை. மே மாதத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நேர்முகம். அதற்கு முதல் பொலிசில் பெயர் வரக் கூடாது, ஒருவரோடும் கொழுவக் கூடாது என்று வீட்டில் இருமக்கூட விடாமல் வைத்திருந்தீர்கள். பிள்ளை மலையில் கிடக்கும்போதும் உங்களுக்கு அந்தப் பயம்தான் முன்னுக்கு வந்திருக்கிறது.

அந்தப் பயத்துக்கு அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்று கேளுங்கள். வருகிற குளிர்காலத்தில் பயிற்றுநருக்குப் படிக்க அவளைத் தெரிவு செய்திருந்த ஸ்னோபோட் பள்ளி, வழக்கு முடியட்டும் என்று சொல்லிவிட்டது. குந்தக் கூடாத இடத்தில் குந்துகிற ஒருத்தியிடம் எந்தப் பள்ளி பிள்ளைகளைக் கொடுக்கும்? கழகத்துத் தாய்மாரும் இனிப் பிள்ளைகளை அவளோடு விடமாட்டோம் என்று கதைக்கிறார்கள். காலை வைத்தியர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவள் பொய்க்காரி என்று ஆகிவிட்டதை எந்த வைத்தியர் பார்ப்பார்?

ஏப்ரல் இரண்டாம் திகதி என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். விபத்து நேரம் உங்கள் கணவர் எங்கே நின்றார் என்று கேட்பார்கள். நான் பொய் சொல்ல மாட்டேன். அதற்கு முதல் நீங்கள் வந்து "நான் காணேல்லை, பயத்திலை சொல்லிப்போட்டன்" என்று உங்கள் வாயால் சொன்னால், பயந்த மனிதர் என்று முடியும். நான் சொன்னால் வேறு மாதிரி முடியும். அண்ணரின் கண் சத்திரசிகிச்சைக்கு மூன்று கிழமை என்று போனவர், கண்ணும் சுகமாகி அவர் பேப்பர் வாசிக்கத் தொடங்கிய பிறகும் அங்கே என்ன செய்கிறீர்கள்?

அம்மாளாச்சி உங்களுக்கு நல்ல புத்தியையும் அடுத்த பிளேனில் ஒரு இடத்தையும் தர வேண்டும்.

இப்படிக்கு,
கஜலக்சுமி


சுன்னாகம்
மார்ச் 21, வெள்ளி

அன்பின் கஜலக்சுமிக்கு,

இறைவன் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். அண்ணருக்கு இடது கண் நன்றாகத் தெரிகிறது, வலது கண்ணில் இன்னும் புகைச்சல் இருக்கிறது. மச்சாள் உமக்கு மிளகாய்த்தூளும் பிள்ளைக்குப் பனங்கட்டியும் சிவகலாவிடம் கொடுத்துவிடுகிறா.

நீர் எழுதியதைக் கோயில் வீதியில் நின்று வாசித்தேன். வீட்டில் வைத்து வாசிக்க முடியவில்லை. என்னைப் பற்றி நீர் இப்படியெல்லாம் நினைத்திருக்கிறீர் என்பது எனக்குக் கவலை. நான் என்ன, பிள்ளைக்குக் கெடுதல் நினைத்தா சொன்னேன்? அந்தச் சறுக்குவண்டியில் கட்டிக் கொண்டுவந்த பிள்ளையைக் கண்டதும் எனக்குத் தலை சுற்றியது. பொலிசும் நின்றது. என் வாய் தன்பாட்டில் கதைத்தது. சொல்லிவிட்ட ஒன்றை மாற்றினால், முதல் ஏன் பொய் சொன்னாய் என்றுதானே கேட்பார்கள்? நேர்முகத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பொலிசுக்குப் பொய் சொன்னவன் என்று என் பெயர் வந்தால், இவ்வளவு வருடம் கோப்பை கழுவி, காத்திருந்து, பரீட்சை எழுதி, எல்லாம் எதற்கு? உமக்கு அந்தக் கடதாசியில் அக்கறை இல்லாமல் இருக்கலாம். பிரயாணம் போகும் இடமெல்லாம் தனி வரிசையில் நிறுத்தி வைக்கப்பட்டவன் நான்.

ஆகவே அமைதியாக யோசித்து ஒரு வழி எழுதுகிறேன், கோபப்படாமல் வாசியும். பிள்ளைக்குத் தலையில் அடிபட்டதுதானே. ஹெல்மெற் வெடித்ததற்கு வைத்தியசாலையில் படம்கூட இருக்கிறது. தனக்கு அந்த நேரம் ஒன்றும் நினைவில்லை என்று அவள் சொன்னால் ஒருவரும் பிழை பிடிக்க மாட்டார்கள். என் சொல்லும் நிற்கும், அவளும் பொய் சொன்னதாக ஆகாது. உம்மைக் கேட்டால், நீர் ரோல்ஸ் கொடுப்பதில் கவனமாக இருந்தீர், நான் எங்கே நின்றேன் என்று பார்க்கவில்லை என்று சொல்லும். நேர்முகம் முடிந்து கையில் கடதாசி வந்த பிறகு, வேண்டுமானால் நானே போய் எல்லாவற்றையும் திருத்துகிறேன். அதற்குக் கிட்டவாகத்தான் ரிக்கெற் போட்டிருக்கிறேன்.

அந்தப் பலகை விளையாட்டு போனால் போகட்டும். பொம்பிளைப் பிள்ளைக்கு அது இல்லாமல் வாழ்க்கை இல்லையா? கால் சுகமாகி, தொழிற்படிப்பை முடித்து, ஒரு நல்ல இடத்தில் வாழப் போகிற பிள்ளை.

அவளுடைய பெயருக்கு நல்லூரில் அர்ச்சனை செய்தேன். விபூதி வைத்திருக்கிறேன், பூசிவிடும். கந்தன் எங்களைக் கைவிட மாட்டார்.

அன்புடன்,
சி. மகேஸ்வரன்


ஷாஃப்ஹவுசன்
ஏப்ரல் 6, ஞாயிறு

கிருசிகாவின் அப்பாவுக்கு,

மிளகாய்த்தூள் கிடைத்தது. பனங்கட்டி கிடைத்தது. விபூதியைச் சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். பூசிவிடச் சொல்லி என்னால் அவளைக் கேட்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தை நான் மறைக்கத்தான் நினைத்தேன். சிவகலா கொண்டுவந்து தந்தபோது பிள்ளையும் மேசையில் இருந்தாள், கையை நீட்டினாள். சனிக்கிழமை தோறும் மழையென்றும் பனியென்றும் பார்க்காமல் தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தானே. மற்றப் பிள்ளைகள் நித்திரை கொள்ளும் நேரம் அவளை எழுப்பி, எழுத்துக்கூட்டி வாசிக்கவைத்தீர்கள். அந்தப் படிப்பு வீண் போகவில்லை. விரலை வைத்து, ஒரு வரியும் விடாமல் வாசித்தாள். நினைவில்லை என்று அவள் சொல்லட்டும் என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு மடித்து என்னிடம் தந்துவிட்டு, முழங்காலுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்யப் போய்விட்டாள்.

புதன்கிழமை நான் விசாரணைக்குப் போனேன். நீங்கள் கடைசி நேரம் என்றாலும் எடுத்து, பொறு, நான் வாறன் என்று சொல்லுவீர்கள் என்று ரயிலை விட்டு இறங்கும் வரைக்கும் போனைக் கையில் வைத்திருந்தேன். மானத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கந்தோர்ப் படி ஏறும்போதும் பார்த்தேன்.

மொழிபெயர்க்க எங்கள் ஆள் ஒரு அம்மாவைத்தான் வைத்திருந்தார்கள். அதிகாரி கேட்டார். நான் சொன்னேன், "இவர் என்னோடைதான் நிண்டவர். பஸ்ஸடியிலை. அங்கையிருந்து பாதை தெரியாது. இவர் ஒண்டும் காணேல்லை." அந்த அம்மா உடனே மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்து, "வடிவா யோசிச்சோ சொல்லுறியள், அக்கா?" என்று மெதுவாகக் கேட்டா. உங்களுக்காக இரக்கப்பட்டாவோ எனக்காகவோ தெரியாது. ஓம் என்றேன். அப்படியானால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று அதிகாரி கேட்டார். "எங்கடை நாட்டிலை உப்பிடிச் சொல்லித்தான் நாங்கள் தப்பினாங்கள்" என்றேன். அதை எந்த மாதிரி டொச்சில் சொன்னாவோ, அதிகாரி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

அது எங்கள் பிரஜாவுரிமையை என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை. தெரிந்துகொண்டு பயப்பட எனக்கு விருப்பமில்லை. அந்தக் கடதாசியில் எனக்கு அக்கறை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் கோப்பை கழுவிய அந்த வருடமெல்லாம் நான் மற்றவர் வீட்டு ரொயிலெட் கழுவினேன். பரீட்சைக்கு மாநிலங்களின் பெயரைப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடமாக்கினேன். எனக்கும் அது வேண்டும். அதற்காகப் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன், அவ்வளவுதான் எனக்கும் உங்களுக்கும் வித்தியாசம்.

நீங்கள் வந்ததும் உங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று சொன்னார்கள். அந்த மனிதரையும் திரும்ப விசாரிப்பார்களாம். என்ன தீர்ப்பு வரும் என்று தெரியாது. தவச்செல்வன் அண்ணை கோயிலில் கண்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று கழகத்தில் கதை. கதைக்கட்டும்.

நேற்று பிள்ளை தன்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். இந்தக் காலோடா என்று கத்தினேன். பார்க்க மட்டும்தான் என்றாள். பனி கரையத் தொடங்கிவிட்டது, மேலே மட்டும்தான் பாதை திறந்திருந்தது. கேபிள் காரில் ஏறிப் போனோம். இத்தனை வருடத்தில் நேற்றுத்தான் நான் மேலே போனேன். பழகுகிற சரிவுக்குப் பக்கத்தில் ஊன்றுகோலைச் சாத்திவிட்டு இருந்தாள். யாரோ ஒரு பெண் முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப விழுந்தாள். பிள்ளையின் உடம்பு தன்பாட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்தது. "காலைப் பாக்கிறா அம்மா, அதுதான் விழுறா" என்றாள். சிரித்தாள்கூட. விபத்துக்குப் பிறகு நான் அவளுடைய பல்லைக் கண்டது அந்த ஒரு நேரம்தான்.

அங்கிருந்து மேட்டையும் காட்டினாள். நான் பெரிதாக ஏதோ நினைத்திருந்தேன். சின்ன மேடு. அதற்கு மேலால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், சிலர் மெதுவாக, சிலர் விழுந்தடித்து. அவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வரும்போதுதான் சொன்னாள். நான் அதை மாற்றாமல் எழுதுகிறேன். "அப்பா பொய் சொன்னது எனக்கு விளங்குது அம்மா. பயந்திட்டார். நினைவில்லை எண்டு சொல்லச் சொன்னதும் பயம்தான். ஆனால் மலையிலையும் கேக்கேல்லை. ஆஸ்பத்திரியிலை பக்கத்திலை இருந்தவர், அப்பவும் கேக்கேல்லை. எயார்போட்டுக்கு வெளிக்கிடேக்கையும் கேக்கேல்லை. பொலிஸ் கேட்டது, டொக்ரர் கேட்டவர், இன்சூரன்ஸ் கேட்டது. அப்பா மட்டும் என்னட்டை என்ன நடந்தது எண்டு ஒருக்காவும் கேக்கேல்லை."

கேபிளில் எங்களோடு நாலைந்து வெள்ளைக்காரர் நின்றார்கள். அவர்களுக்கு விளங்காது என்ற தைரியத்தில்தான் அவ்வளவு பலமாகச் சொன்னாள்.

உங்களை நான் இனி ஒன்றும் கேட்கப் போவதில்லை. பொலிசுக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது உங்கள் பாடு. ஆனால் இந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள், கிருசிகாவின் அப்பா. அவளுக்குப் போன் எடுத்து, என்ன நடந்தது பிள்ளை என்று கேளுங்கள். சின்னவர்களை முன்னுக்கு விட்டதில் இருந்து சொல்லுவாள், விளிம்பு, தோள், மேடு என்று உங்களுக்கு விளங்காததெல்லாம் சொல்லுவாள். இடையில் புகுந்து ஆறுதல் சொல்ல வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். அவள் முடிக்கும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

கேட்டுவிட்டு வாருங்கள். கேட்காமல் இந்த வீட்டுக்கு வர வேண்டாம்.

கடவுள் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும்.

கஜலக்சுமி